சாம்பல் நோய் தாங்கும் திராட்சை: எத்தனை காலம் தாங்கும்?

பன்னீர் திராட்சை விற்கும் நம் உறுப்பினர்களுக்குச் சாம்பல் நோய் புதிதல்ல. பிஞ்சில் பிடித்தால் தோல் வளராது, பழம் வெடிக்கும். வெடித்த பழம் நாலு கிடந்தால் பெட்டியே நசநசத்துப் போகும். (பழத்தின் மேல் இயற்கையாகப் படியும் வெண்பூச்சு வேறு. துடைத்தால் பழம் பளபளக்கும். நோய்ப் பழத்தில் துடைத்த பிறகும் பழுப்பு வலை தெரியும்.)

"மருந்தே வேண்டாத ரகம்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அல்ல.

இந்தப் பூசணம் அமெரிக்காவில் தோன்றியது. 1845ல் இங்கிலாந்தில் தலைகாட்டி, 1854க்குள் பிரான்சின் ஒயின் உற்பத்தியை ஏறத்தாழக் கால் பங்காக்கி விட்டது. நம் பன்னீரும் ஐரோப்பியக் கொடி வம்சமே. எதிர்ப்புச் சக்தி கிடையாது. அமெரிக்கக் கொடிகளுக்கு அது உண்டு. ஆகவே கலப்பு செய்கிறார்கள். புனே அகார்கர் ஆராய்ச்சி நிலையம் அமெரிக்க 'கட்டாபா'வையும் 'பியூட்டி சீட்லெஸ்'ஸையும் கலந்து, பூசண நோய்களைத் தாங்கும் சாறு ரகம் ஒன்றைத் தந்திருக்கிறது.

சிக்கல் இங்கேதான். பிரெஞ்சு ஆய்வாளர்கள் அமெரிக்கக் காட்டுத் திராட்சையிலிருந்து 'ரன்1' என்ற ஒற்றை மரபணுவைப் பல தலைமுறைக் கலப்பில் கொண்டு வந்தார்கள். கிழக்கு அமெரிக்காவிலோ அதையும் மீறி வளரும் பூசணம் ஏற்கெனவே இருந்தது! ஒரே பூட்டு என்றால் ஒரு கள்ளச்சாவி போதும். அதனால் 2018ல் பிரான்சு அனுமதித்த 'ஆர்ட்டபான்' போன்ற ரகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களை அடுக்கினார்கள். அப்படியும் ஓரிரு முறை மருந்தடிக்கச் சொல்கிறார்கள், பூட்டு நாள்பட உழைக்க வேண்டுமென்று.

நம் பக்கம் இரண்டு ஆண்டில் ஐந்து போகம் எடுக்கிறோம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து கொடி ஓய்வது இங்கில்லை. பூசணத்துக்கு எப்போதும் பச்சைத் தளிர் கிடைக்கும். பூட்டு இங்கே சீக்கிரம் உடையலாம் என்றே நாம் நினைக்கிறோம். நெல் என்றால் அடுத்த போகம் விதையை மாற்றலாம். கல்தூணும் கம்பிப் பந்தலும் போட்டு ஏற்றிய கொடியை அப்படிப் பிடுங்க முடியுமா?

எனவே புது ரகத்தை நம்பித் தோட்டத்துக்கு முன்பணம் கொடுப்போர், தாய் தந்தை ரகம் எது, எதிர்ப்பு மரபணு ஒன்றா பலவா, நம் மாவட்டத்தில் எத்தனை போகம் பார்த்தது என்று கேளுங்கள். கந்தகத் தெளிப்பை அடியோடு நிறுத்திய தோட்டம் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒன்று. கம்பம் பன்னீர் திராட்சை 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. புது ரகம் வந்தால் பன்னீர் என்று சொல்லி விற்காமல், தனிப் பெயரும் தனி விலையும் எழுதி வையுங்கள்.