டாலர் எங்கே போனது?

பள்ளித் திட்டப்பணிக்காக நீங்கள் உருவாக்கிய இணையப்பக்கத்தில் படங்கள் நகர மறுக்கின்றனவா? எஃப்12 விசையை அழுத்திக் கன்சோலைத் திறந்து பாருங்கள். டாலர் குறி வரையறுக்கப்படவில்லை என்று சிவப்பு வரி ஒன்று இருக்கலாம். அந்தக் குறி, 2006இல் வெளிவந்த ஜேகுவெரி என்ற நிரல் நூலகத்தின் சுருக்கப் பெயர். நிரல் நூலகம் என்பது மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு.

உலாவி சாதாரண நிரல்களை மேலிருந்து கீழாக இயக்கும். படங்களை நகர்த்தும் நிரல் மேலேயும் ஜேகுவெரி கீழேயும் இருந்தால், முதல் நிரல் ஓடும்போது டாலர் என்ற பெயரே பிறந்திருக்காது. இரண்டையும் இடம் மாற்றினால் போதும். சிலர் வேகத்துக்காக ‘ஏசிங்க்’ சேர்ப்பார்கள். அப்போது எது முதலில் இறங்கி முடிகிறதோ அது முதலில் ஓடும். பக்கம் இன்று வேலை செய்யும், நாளை செய்யாது. இதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு! ‘டிஃபர்’ என்றால் வரிசை குலையாது.

2015இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாடியூல் முறை வந்தது. ஒவ்வொரு கோப்பும் தனக்கு வேண்டியதை ‘இம்போர்ட்’ வரியில் கேட்கும். கேட்கப்பட்ட கோப்பே முதலில் ஓடும். ஆனால் முப்பரிமாணப் படங்களுக்கான திரீ.ஜேஎஸ் நூலகத்தை வெறும் ‘திரீ’ என்று கேட்டால், அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று உலாவிக்குத் தெரியாது. பெயரையும் பாதையையும் ‘இம்போர்ட் மேப்’ பட்டியலில் எழுதி, மாடியூல்களுக்கு மேலே வையுங்கள்.

பாதையில் ஆங்கிலப் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்பதை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வருக்கோ அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். வீட்டில் ஓடிய பக்கம் இணையத்தில் ஏற்றியதும் நின்றுவிட்டால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.