பனைமரம், ஒட்டடக்குச்சி, 436-ஆம் நம்பர்… தெரியுமா?

உயரம் 5 அடி 8 அங்குலம். சோமனூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போகிற உயரம்தான். அந்த உயரத்துக்காரர் ஒருவர் 7 அடி 4 அங்குல ராட்சசன் ஆடிய அணியை ஊர் உலகமே பார்க்கத் தோற்கடித்துவிட்டுப் போனார். கூடைப்பந்தில்! தெரியுமா?

2023 மார்ச் 17. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி. அங்கே மார்ச் மாதம் வந்துவிட்டால் ஆபீஸ் வேலை பாதியில் நிற்கும். நம்மூரில் உலகக் கோப்பை கிரிக்கெட் சமயத்தில் தறி ஓட்டுகிறவர் காதில் ரேடியோ ஒட்டிக்கொண்டிருந்ததே, அதே கதைதான். நாட்டை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் அணிகளை 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். 1-ஆம் நம்பர் 16-ஆம் நம்பரோடு மோதும். முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதுவரை நடந்த ஆண்கள் போட்டிகள் அத்தனையிலும் 16-ஆம் நம்பர் ஜெயித்தது ஒரே ஒரு தடவை, 2018-இல்.

அன்று 1-ஆம் நம்பர் பர்டூ பல்கலைக்கழகம். அதன் நடுநாயகம் ஸாக் ஈடி, அந்த 7 அடி 4 அங்குலக்காரர். எதிரே நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன். முதல் பிரிவில் ஆடிய 363 அணிகளில் சராசரி உயரத்தில் கடைசி அணி இதுதான். முந்தைய ஆண்டு 26 ஆட்டங்களில் வெறும் 4-இல் வென்ற அணி. அதுகூடப் பரவாயில்லை, அந்த ஆண்டு தங்கள் வட்டாரக் கோப்பையையே ஒரு புள்ளியில் கோட்டைவிட்டவர்கள். ஜெயித்த அணிக்குத் தேசியப் போட்டியில் ஆடத் தகுதி இல்லை என்று ஒரு விதி இருந்ததால், தோற்றவர்கள் உள்ளே வந்தார்கள்!

ஆட்டம் முடிந்தபோது பலகையில் 63-58. ஜெயித்தது குள்ளர் படை.

இது குருட்டு அதிர்ஷ்டமா? இல்லவே இல்லை, விஷயமே இனிமேல்தான். பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன் அந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் நியூயார்க் மாநிலத்தில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு சின்னக் கல்லூரியில் இருந்தார். பெரிய கல்லூரிகள் 'உயரம் போதாது' என்று திரும்பிக்கூடப் பார்க்காத பையன்களை அங்கே பொறுக்கி வைத்திருந்தார். மாறி வரும்போது மூன்று பேரைக் கையோடு கூட்டிவந்தார். டிமீட்ரி ராபர்ட்ஸ் 5 அடி 8 அங்குலம், கிராண்ட் சிங்கிள்டன் 5 அடி 9 அங்குலம். மூன்றாமவர் ஷான் மூர். ஆட்டம் நடந்த கொலம்பஸ் நகரம் மூரின் சொந்த ஊர். அன்றைக்கு 19 புள்ளி எடுத்தவரும் அவர்தான். 'குள்ளமாக இருந்தால் என்ன, ஆட்டம் முழுக்க எதிராளியை மூச்சுவிட விடாதே' என்பதுதான் திட்டம். நெடியவர்கள் குனிந்து பந்தைத் தேடுவதற்குள் குள்ளர்கள் அதைத் தட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? பொறுங்கள், தோற்ற ராட்சசன் யார் தெரியுமா?

டொரோண்டோ பையன் ஸாக் ஈடி, ஏறக்குறைய பதினைந்து வயது வரை பேஸ்பாலும் ஐஸ் ஹாக்கியும் ஆடிக்கொண்டிருந்தவர். கூடைப்பந்துக்குத் தாமதமாக வந்து, 2020-இல் கல்லூரிக்குப் போகிறபோது அவருடைய வகுப்பு வீரர்களின் தரவரிசையில் அவருக்குக் கிடைத்த இடம் 436! ஏழடிக்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு 436! பர்டூ அவரை எடுத்து, சேர்ந்த முதல் வருடம் பாதி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, காலையும் கையையும் மெல்ல மெல்லப் பழக்கியது. 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். 2024 இறுதிப் போட்டியில் அணி தோற்றாலும் இவர் மட்டும் 37 புள்ளி. அதே ஆண்டு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.-வின் டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கிற நாளில், மெம்பிஸ் அணி 9-ஆவது ஆளாக அவரை எடுத்துக்கொண்டது. ஆக அந்த மார்ச் இரவில் மோதியது குள்ளனும் நெட்டையனும் இல்லை, 'வேண்டாம்' என்று ஒதுக்கப்பட்ட இரண்டு தரப்பு!

பிள்ளைகள் ஏன் கண்ணில் படாமல் போகிறார்கள்? உயரம் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, அதுதான் பெரிய காரணம். பள்ளி முடித்தபோது ஆறடிகூட இல்லாத டென்னிஸ் ராட்மன் டல்லஸ் விமான நிலையத்தில் இரவு ஷிப்டில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில் திடுதிப்பென்று வளர்ந்து 6 அடி 7 அங்குலம் ஆனார். பெரிய கல்லூரி எதுவும் எடுக்கவில்லை. ஓக்லஹோமாவில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆடி, 1986-இல் 27-ஆவது ஆளாகத் தேர்வானார். அப்புறம் 5 சாம்பியன் பட்டம், தொடர்ந்து 7 ஆண்டு ரீபவுண்டில் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில்) முதலிடம்! அவரோடு சிகாகோவில் ஆடிய ஸ்காட்டி பிப்பனுடைய அப்பா காகித மில் தொழிலாளி. வாதம் வந்து படுத்துவிட்டார், வீட்டில் 12 பிள்ளைகள், கடைக்குட்டி இவர். மத்திய ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் முதலில் அணிக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற, உடுப்பு சலவை பார்க்கிற மேனேஜர் வேலைதான். 6 அடி 1 அங்குலமாக உள்ளே போனவர் 6 அடி 8 அங்குலமாக வெளியே வந்து 1987-இல் 5-ஆவது ஆளாகத் தேர்வானார். துண்டு மடித்த கை ஆறு சாம்பியன் மோதிரம் போட்டது.

மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியிலிருந்து தூக்கி எறிந்தார்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அது பாதிதான் உண்மை. எறியவில்லை, ஜூனியர் அணியில் ஆடச் சொன்னார்கள். சீனியர் அணிக்கு அவர் வயதுப் பிள்ளை லெராய் ஸ்மித்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன்? அவன் நெட்டை!

இன்னொரு வேடிக்கை. கனடாவிலிருந்து ஸ்டீவ் நாஷுக்காக அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் கல்லூரி கல்லூரியாக எழுதிப் போட்டார். உதவித்தொகை தரத் தயாராக இருந்தது ஒன்றே ஒன்று, கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா. அதன் பயிற்சியாளர் டிக் டேவி நேரில் ஆட்டம் பார்க்கப் போனபோது, பையனைவிடக் கேலரியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம், வேறு பயிற்சியாளர் யாராவது வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று! சந்தையில் நல்ல காளைக் கன்றைக் கண்டவர் முகத்தை வெறிச்சென்று வைத்துக்கொள்வார் அல்லவா, அப்படி. அந்த நாஷ் 2005, 2006 இரண்டு ஆண்டும் என்.பி.ஏ.-வின் மிகச் சிறந்த வீரர்.

என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி? அப்பா ஆடிய கல்லூரியே மகனுக்கு உதவித்தொகை தரவில்லை. இரண்டாயிரம் மாணவர்கூடத் தேறாத டேவிட்சன் கல்லூரியின் பாப் மெக்கிலப் பார்க்கப் போன அன்று பையன் ஆட்டம் படுமோசம். பந்தைத் தொலைத்தான், பாஸ் தவறினான். ஆனால் கூட இருந்தவனைக் குறை சொல்லவில்லை, திட்டிய பயிற்சியாளரைக் கண்ணுக்குக் கண் பார்த்துக் கேட்டுக்கொண்டான். மெக்கிலப் குறித்துக்கொண்டது அதைத்தான். 2008-இல் அந்தக் குட்டிக் கல்லூரி கடைசி எட்டு வரை போனது. ஆட்டம் பார்க்க டெட்ராய்ட் போன மாணவர்களுக்குப் பஸ், டிக்கெட், தங்கும் இடம் எல்லாவற்றுக்கும் கல்லூரி நிர்வாகக் குழுவினரே பணம் கொடுத்தார்கள் என்றால் பாருங்களேன்!

பொறுக்கி எடுப்பது பாதி வேலை. மீதி, பிரித்து நெய்வது. கரி பள்ளியில் படிக்கும்போது இடுப்புப் பக்கமிருந்து பந்தை எறிவார். அப்பா அதை அடியோடு மாற்றினார், தலைக்கு மேலிருந்துதான் எறிய வேண்டும் என்று. ஒரு கோடை விடுமுறை முழுக்க, வழக்கமான தூரத்திலிருந்து ஒரு பந்துகூடப் போட முடியாமல் பையன் அழுதிருக்கிறான். இதே கதை நம்ம ஊரில் நடந்தது தெரியுமா? சேலம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன்! நெசவுத் தொழிலாளியின் மகன், அம்மா ரோட்டோரக் கடை போட்டவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் கண்ணில் பட்டு சென்னைக்குப் போனார். 2015-இல் ரஞ்சியில் முதல் ஆட்டம், உடனே 'பந்துவீச்சில் சந்தேகம்' என்று புகார். கையை முதலிலிருந்து பழக்கினார். நெட்டில் பந்துபோடத்தான் 2020-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகித் திரும்பினார். இந்தியர் யாரும் அதற்கு முன் செய்ததில்லை. உடுப்பின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று எழுதியிருந்ததே, அந்த ஜே.பி. யார் என்று இப்போது புரிகிறதா?

சரி, கூடைப்பந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய! 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக் கூடை இரண்டை ஆணியடித்து மாட்டி ஆரம்பித்த ஆட்டம் இது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் மதராஸ் வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பி.டி. வாத்தியார் பரம்பரையின் வேர் அங்கே இருக்கிறது. (சின்னக் குசும்பு: கன்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களில் வென்றதைவிடத் தோற்றது அதிகம் என்ற கணக்கு உள்ள ஒரே ஆள் நெய்ஸ்மித். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே!)

கோவையைச் சொல்லவே வேண்டாம். பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. பம்ப் செட்டும் மில்லும் கோப்பை தருகிற ஊர் வேறு எது? ராஜலட்சுமி மில் பெயரிலேயே ஒரு கூடைப்பந்து கிளப் இருக்கிறது. இந்த ஆட்டங்களில் வந்து மோதுவது யார்? வங்கி, ரயில்வே, ராணுவ அணிகள். இங்கே டிராஃப்ட் என்றால் என்.பி.ஏ. இல்லை, வேலை ஆர்டர்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கூலி உயர்வுக்கு வருஷக்கணக்கில் போராடுகிற ஊரில் மாதச் சம்பளம்தான் மோதிரம். தெற்கு ரயில்வே அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக் கேப்டன், 2021-இல் பத்மஸ்ரீ! அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், பொறியியல் கலந்தாய்வில் 500 இடம். இதுபோக, ஆடத் தெரிந்த பிள்ளைக்கு ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று கூப்பிடுகிற கல்லூரிகள் கோவையைச் சுற்றி இருக்கின்றன. எத்தனை தறிக்காரர் வீட்டுக்கு இது தெரியும்?

பள்ளியில் 6 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளை ஓடவிட்டு, தாண்டவிட்டு, எறியவிட்டுப் பார்க்கும் உலகத் திறனாய்வுத் திட்டம் இருக்கிறது. அதில் பெயர் எழுதிக்கொள்ளும் நாளில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் நின்றிருந்தேன். பலகை இருக்கிறது, வளையம் ஒரு பக்கம் தொங்குகிறது. வரிசையில் கடைசியாக ஒரு ஏழாம் வகுப்புப் பெண், கூன்போட்டு நின்றாள். உயரத்தை மறைக்கிற கூன். கூட்டாளிகள் வைத்த பேர் 'பனைமரம்', வீட்டில் 'ஒட்டடக்குச்சி'. ஓட்டத்தில் நான்காவதாகத்தான் வந்தாள்.

பி.டி. சார் பட்டியலில் பேர் எழுதவில்லை. துணி அளக்கிற மீட்டர் கோலை எடுத்துவரச் சொன்னார், காடாத் துணி மடிக்கிற குடோனிலிருந்து வந்த கோல்.

"கைய ரெண்டையும் நீட்டு கண்ணு. சுவத்துல ஒட்டி நில்லு."

உயரம் 161 சென்டிமீட்டர். விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை 169! நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். என்.பி.ஏ. வீரர்களுக்குச் சராசரியாகக் கைவீச்சு உயரத்தைவிட 6 சதவீதம் அதிகம். இவளுக்கு 5.

சாயங்காலம் சாரோடு அவள் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் அப்பா ஒரு தறியை நிறுத்திவிட்டு வந்தார். பஞ்சு பறந்து புருவம் வெளுத்திருந்தது.

"ஏனுங் சார், இவள சாயங்காலம் அனுப்பீட்டா தார் சுத்த ஆளில்லீங்களே."

"வாரத்துக்கு மூணு நாளுங்கண்ணா. ஆறு மணிக்கு நானே கொண்டாந்து உட்டர்றேன்."

அவர் பதில் சொல்லாமல் தறியைப் பார்த்தார். உள்ளேயிருந்து அம்மா காபி டம்ளரோடு வந்தார், முகத்தில் கடுப்பு.

"வெளையாட்டுக்கு பூட்ஸ் வேற கேப்பீங்க. இப்பவே முடியலீங்க சார். தீவாளிக்கு ஒரு செருப்பு, பொங்கலுக்கு ஒரு செருப்பு, அதும் இப்ப பத்தறதில்லீங்க. கடைல பொம்பளப் புள்ளைக்கு இந்த சைஸே இல்லைங்கறான். காலு நிக்காம வளருதுங்க!"

காபியை வாயருகே கொண்டுபோன சார் அப்படியே நிறுத்தினார்.

"பொங்கலுக்கு வாங்குனதா பத்தலீங்க?" என்று கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.