அமிர்தியின் முள்ளெலி

வயிற்றுப்பையில் குட்டியைச் சுமந்து வளர்க்கும் பாலூட்டிகளான பைம்மாக்களில், அதாவது கங்காரு, கோலா முதலியவற்றின் இனத்தில், இந்தியக் காடுகளில் இன்று ஒன்றுகூட இல்லை. அவற்றின் மூதாதையர் தென் அமெரிக்காவிலிருந்து, அன்று பனி மூடாதிருந்த அண்டார்டிகா வழியாக ஆஸ்திரேலியாவை அடைந்த காலத்தில், இந்திய நிலம் அந்தத் தென்கண்டக் கூட்டத்தை விட்டு ஏற்கெனவே பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவோடு மோதிய பின்னர், வடக்கிலிருந்து வந்து பரவிய பையற்ற பாலூட்டிகளின் வழியினரே இன்றைய நம் விலங்குகளில் பெரும்பாலானவை. ஆகவே நம் மண்ணுக்கே உரிய அரிய சிறுவிலங்கைக் காண விரும்புவோர் பைம்மாவைத் தேடாமல் முள்ளெலியைத் தேடுவதே பொருத்தம்.

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கணியம்பாடிக்குத் தென்மேற்கே சவ்வாது மலையடிவாரத்தில், 1967இல் தொடங்கப்பட்ட அமிர்தி வன உயிரியல் பூங்கா, புள்ளிமான், மயில், முதலை ஆகியவற்றோடு முள்ளெலிக்கும் இடமளித்த சிறு பூங்காவாகும். அங்குள்ள அருவியைக் காண வரும் கூட்டம் மான்களிடமே நின்றுவிடுவது இயல்புதான் என்றாலும், அங்குள்ளவற்றில் உலகில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காதது தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய இந்த முள்ளெலியே.

ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ள இவ்விலங்கு, பெயரில் எலி இருப்பினும், கொறிக்கும் எலியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளைத் தின்னும் மூஞ்சூற்றின் உறவினம். இதன் முட்கள், நம் நகத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தாலேயே ஆன, தடித்து இறுகிய மயிர்கள். ஆபத்தை உணர்ந்தவுடன் முதுகுத்தோலின் விளிம்பில் வளையமாக ஓடும் தசை, சுருக்குப்பையின் கயிறு போல் இறுகித் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ள, வெளியே முட்பந்து மட்டும் மிஞ்சுகிறது. நாயையும் நரியையும் தடுக்கும் இந்த உத்தி மனிதனிடம் செல்லாது. அசையாமல் சுருண்டிருப்பதே அதனை எளிதில் கையிலெடுக்கச் செய்கிறது. இதன் முள்ளைச் சுட்டுக் கொடுத்தால் குழந்தைகளின் கக்குவான் இருமல் தீரும் என்ற நம்பிக்கை தமிழக ஊர்களில் நெடுங்காலமாக உள்ளது. கெரட்டினுக்கு அத்தகைய ஆற்றல் உண்டென்றால் நாவிதர் கடைத் தரையிலேயே மருந்து குவிந்திருக்கும்.

இரவில் இரை தேடிப் பகலில் உறங்கும் இவ்விலங்கைப் பகலில் மட்டும் திறந்திருக்கும் பூங்காவில் காண்பவர், பெரும்பாலும் உறங்கும் முதுகையே காண்கிறார். இதற்கு மாற்றாக, இரவில் விளக்கேற்றியும் பகலில் இருளாக்கியும் விலங்கின் பொழுதைத் திருப்பிவைக்கும் இருட்கூடங்கள் அமைக்கப்படுகின்றன. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குப் பூங்கா 1969இல் அத்தகைய கூடத்தைத் திறந்தது. ஆஸ்திரேலியாவின் இரவு நடமாடும் பைம்மாக்களும் பல பூங்காக்களில் இம்முறையிலேயே காட்டப்படுகின்றன. அமிர்தி போன்ற சிறு பூங்காக்களுக்கு, புலிக்கூண்டைவிட இப்படியொரு சிறு இருட்டறையே தகும்.

முள்ளெலியைப் போலவே இரவில் திரியும் தேவாங்குக்காக, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் சரணாலயத்தைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. முள்ளெலி வாழ்வதோ பெரும்பாலும் காப்புக்காடுகளுக்கு வெளியே, முட்புதர் மண்டிய வறண்ட நிலங்களிலும் வயலோரங்களிலும். அவற்றில் பல, வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன.