டஹோமி இடைவெளி: காட்டை வெட்டியது யார்?

போன எபிசோட்ல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், முதல்ல அதைத் திருத்திடறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் மழைக்காடு நடுவில் அறுந்து கிடக்கக் காரணம், அங்கே இருக்கும் மக்கள் வெட்டியதுதான் என்று ரொம்பத் தெம்பாகச் சொல்லியிருந்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது, சும்மா பழி போட்டிருக்கேன்.

மேப்பைத் திறந்து பாருங்க. லைபீரியா, ஐவரி கோஸ்ட் வழியாக வரும் காடு கானாவின் கிழக்கே நின்றுவிடுகிறது. டோகோ, பெனின் தாண்டி நைஜீரியா பக்கம்தான் மறுபடி ஆரம்பிக்கிறது. நடுவில் சுமார் 200 கிலோமீட்டருக்குப் புல்வெளி, அங்கங்கே மரங்கள். இதுதான் டஹோமி இடைவெளி. டஹோமி என்பது பெனினின் பழைய பெயர்.

முன்னாடி இங்கே என்ன இருந்தது? அதை ஏரிச் சேறு சொல்லும். மகரந்தத் தூளின் வெளி ஓடு ரொம்பக் கெட்டி. காற்றுப் படாத சேற்றில் ஆயிரக்கணக்கான வருஷம் மக்காது. குழாயை இறக்கிச் சேற்றை எடுத்தால், கீழே போகப் போகப் பழைய காலம். நம்ம கிட் லாக் மாதிரிதான், ஆனா இதில் யாரும் ஃபோர்ஸ் புஷ் பண்ண முடியாது. அடுக்கின் வயதுக்குக் கார்பன் 14. எந்த மரம், எந்தப் புல் என்பதற்கு மைக்ரோஸ்கோப்.

தெற்கு பெனினில் உள்ள செலே ஏரியில் இப்படி எடுத்த சேற்றைப் பற்றி 2005-ல் ஒரு ஆய்வு வந்தது. 8,000 வருஷத்துக்கு முன்னாடி அங்கே காடு இருந்திருக்கிறது. இடைவெளியே கிடையாது! 4,500-க்கும் 3,400 வருஷத்துக்கும் முன்பான காலத்தில்தான் அது சட்டென்று சரிந்து புல் ஏறியிருக்கிறது.

காரணம் மழை. அதற்கு முன்பு வடகோளக் கோடையில் பூமி சூரியனுக்கு இப்போதைவிடப் பக்கத்தில் இருந்தது. பருவக்காற்று பலமாக வீசியது, சகாராவிலேயே ஏரிகள் இருந்தன. சுற்றுப்பாதை மெல்ல மாற, மழையும் குறைந்தது. சரி, ஏன் இந்த இடம் மட்டும் அறுந்தது? இங்கே காற்று கரையை ஒட்டியே போகிறது, நேராக உள்ளே வருவதில்லை. போதாததற்கு ஜூலை, ஆகஸ்டில் அடியிலிருந்து குளிர்ந்த கடல்நீர் மேலே வருகிறது. அதனால்தான் அக்ராவில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதே கடற்கரையில் மேற்கே ஆக்சிமில் 2,000-க்கும் மேல். ஏற்கெனவே விளிம்பில் நின்ற காடு, கொஞ்சம் மழை குறைந்ததும் விழுந்துவிட்டது.

மனுஷங்க கைக்கு இதில் பங்கே இல்லைன்னு சொல்ல வரல. பின்னாடி வந்த விவசாயமும் தீயும் காட்டைத் திரும்ப வளர விடாமல் செய்திருக்கும். பெனினில் மிச்சமிருக்கும் லாமா காட்டுக்கு இப்போதைய ஆபத்தும் மழை இல்லை, கோடரிதான். ஆனா அந்த 200 கிலோமீட்டரைத் திறந்தது அவங்க இல்லை. பழைய எபிசோட் பக்கத்திலும் இந்தத் திருத்தத்தைப் போட்டுட்டேன்.