கரை ஒதுங்கும் போதை

அந்தமான் கடலில் போதைப் பொருள் டன் கணக்கில் பிடிபடுகிறது. தீவுகளுக்குள்ளோ குடிப்பவர்களின் விகிதம் தேசிய சராசரியைப் போல இரண்டு மடங்கு. கடலுக்குக் காவல் இருக்கிறது. கரைக்கு?

அபர்டீன் பஜாருக்குள் நுழையும் தமிழருக்கு ஊர் விட்டு ஊர் வந்த உணர்வு அதிக நேரம் நிலைப்பதில்லை. மணிக்கூண்டிலிருந்து பிரியும் சாலைகளில் ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள், இட்லி தோசை கிடைக்கும் ஓட்டல்கள். தமிழில் தொடங்கும் பேரம் இந்தியில் முடியும். இடையில் வங்காளமும் தெலுங்கும் காதில் விழும். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வசிக்கும் 3.8 லட்சம் பேரில் 15 சதவீதத்தினருக்குத் தமிழ்தான் தாய்மொழி. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பஜார் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

பெயர் மாறி இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமான நிலையில் இன்னொரு காரணத்துக்காகத் தீவுகள் செய்தியில் அடிபட்டன. அந்த நவம்பரில், இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை இருக்கும் பாரன் தீவுக்கு அருகே சந்தேகத்துக்கு இடமாகச் சென்ற ஒரு மீன்பிடிப் படகு கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானத்தின் கண்ணில் பட்டது. படகில் இருந்தவர்கள் ஆறு பேர்; அனைவரும் மியான்மர்காரர்கள். ஏற்றியிருந்த சரக்கு சுமார் 6 டன் மெத்தாம்பெட்டமின். கடலோரக் காவல் படை அதுவரை பிடித்தவற்றிலேயே இதுதான் பெரிது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2019 செப்டம்பரில், கார் நிகோபார் அருகே இன்னொரு படகு சிக்கியது. அதில் இருந்தது ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான கெட்டமின். அதிலும் ஆறு மியான்மர்காரர்கள்.

தற்செயலாக நேர்ந்ததல்ல இது. மியான்மரின் ஷான் மாநிலம் உலகின் மிகப் பெரிய மெத்தாம்பெட்டமின் உற்பத்திக் களங்களில் ஒன்று. தரை வழியில் கெடுபிடி அதிகமானால் சரக்கு கடலில் இறங்குகிறது. அந்தக் கடலின் மேற்கு விளிம்பில்தான் அந்தமான் நிகோபார் தீவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. சென்னையிலிருந்து 1,200 கி.மீ.க்கும் மேல் தள்ளி இருந்தாலும் வடகோடித் தீவிலிருந்து மியான்மரின் கோகோ தீவுகள் கூப்பிடு தூரம்தான். நூற்றுக்கணக்கான தீவுகளில் மனிதர்கள் வசிப்பவை சில டஜன். மற்ற கரைகளுக்கு வருவதும் போவதும் அலைகள் மட்டுமே.

பொட்டலமும் சட்டமும்

அலைகள் சும்மா வருவதில்லை. துரத்தப்படும் கடத்தல்காரர்கள் முதலில் செய்யும் காரியம், சரக்கைக் கடலில் வீசுவது. சீனத் தேயிலை உறைகளில் நீர் புகாமல் கட்டப்பட்ட பொட்டலங்கள் மிதந்து வந்து தீவுகளின் கரைகளில் ஒதுங்குகின்றன. நண்டு பிடிக்கவும் விறகு பொறுக்கவும் போகிறவர் கையில் அது கிடைக்கிறது. ஒப்படைப்பதா, ஒளித்து வைப்பதா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறிவிடலாம். 1985ம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின்படி 50 கிராம் மெத்தாம்பெட்டமின் இருந்தாலே அது 'வணிக அளவு'. தண்டனை குறைந்தது 10 ஆண்டுகள். 20 ஆண்டுகள் வரை போகலாம். ஒரே ஒரு கிலோ பொட்டலம் அந்த அளவைப் போல 20 மடங்கு.

கரை ஒதுங்கும் பொருள் என்ன செய்யும் என்பதற்குத் தீவுகளிடம் இதைவிடக் கசப்பான பாடம் ஒன்று இருக்கிறது. 2008 டிசம்பரில், லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில், ஓங்கே பழங்குடியினர் சிலர் கரையில் ஒதுங்கிய கலத்தில் இருந்த திரவத்தை மது என்று நினைத்துக் குடித்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். மொத்த இனமே சுமார் 100 பேர்தான். கடல் கொண்டுவந்தது ஒரு கலம். அது மதுவாக இருக்கும் என்ற ஆசையை அவர்களிடம் விதைத்தது கடலல்ல. வெளியிலிருந்து வந்து குடியேறிய உலகம்.

பாலும் விற்கும், மதுவும் விற்கும்

அந்த உலகின் முக்கிய போதை இன்றும் மதுதான். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி அந்தமான் நிகோபாரில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் 39 சதவீதம் பேர் குடிக்கிறார்கள். நாட்டின் சராசரி சுமார் 19. போதைக்குப் பேர் போன பஞ்சாபில்கூட ஆண்களில் குடிப்பவர்கள் 23 சதவீதம்தான்.

ராஞ்சிப் பகுதியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அரிசியில் காய்ச்சும் ஹண்டியாவும், நிகோபாரிகளின் தென்னங்கள்ளும் இங்கே பழைய பழக்கங்கள். ஆனால் பாட்டில் மது விநியோகம், 1988ல் தொடங்கப்பட்ட அரசு வளர்ச்சிக் கழகத்தின் கையில். அதே கழகம் பாலும் விற்கிறது, சுற்றுலா விடுதியும் நடத்துகிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக்கிடம் கொடுத்திருக்கும் தமிழ்நாட்டின் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. விற்கும் கைதான் வைத்தியமும் பார்க்க வேண்டும். ஆனால் விற்பனைக் கணக்கு நாள்தோறும் எழுதப்படுகிறது. குடும்பங்களின் நஷ்டக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

பஞ்சாப் சொல்லும் பாடம்

எல்லை வழியே வரும் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூர்ச் சந்தையை உருவாக்கிவிடும் என்பதைப் பஞ்சாப் காட்டிவிட்டது. அங்கே 2015ல் எய்ம்ஸ் நிபுணர்கள் நடத்திய ஆய்வு, அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்கள் சுமார் 2.3 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. ஹெராயின் பழக்கம் உள்ள ஒருவர் நாளொன்றுக்குச் செலவிட்ட தொகை சுமார் 1,400 ரூபாய். கைதுகளால் மட்டும் காரியம் ஆகவில்லை. கடைசியில், 2017 அக்டோபரில், அரசே புறநோயாளி மையங்களைத் திறந்து, நாக்கின் அடியில் கரையும் ப்யூப்ரநார்பின் கலந்த மாத்திரைகளைக் கொடுக்கத் தொடங்கியது.

அந்தமானுக்கு அந்த வசதியும் இல்லை. ஹெராயினுக்கு மாற்று மருந்து உண்டு. மெத்தாம்பெட்டமினுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் கிடையாது. ஆலோசனை, மனப் பயிற்சி, நீண்ட நாள் கண்காணிப்பு ஆகியவையே சிகிச்சை. மருந்து மாத்திரையைக் கப்பலில் அனுப்பிவிடலாம். ஆலோசகரைத் தீவுக்குத் தீவு அனுப்புவது அவ்வளவு எளிதல்ல. 1969 முதல் பஞ்சாபிலிருந்து வந்த முன்னாள் ராணுவத்தினர் குடியேறிய கேம்பல் பே, தலைநகரிலிருந்து 500 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. அங்குள்ளவர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வரவேண்டுமானால் கப்பல் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் குடித்தவர் குடியைச் சட்டென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். உயிருக்கே ஆபத்தான அந்த நேரத்தில் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது.

தூரத்தைவிடப் பெரிய தடை வெட்கம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்ன ஊரில் சிகிச்சைக்குப் போவதே ஊர்ச் செய்தி ஆகிவிடும். தீவுகளில் மட்டும் இந்தக் கதை என்று சொல்ல முடியாது. 2019ல் வெளியான எய்ம்ஸின் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருந்தது.

பலருக்குத் தெரியாத ஒரு கதவு சட்டத்திலேயே திறந்திருக்கிறது. போதைப் பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ சிக்கியவர், தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் 64ஏ பிரிவின் கீழ் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 14446 என்ற இலவச எண்ணில் பெயரைச் சொல்லாமலேயே ஆலோசனை கேட்கலாம். அபர்டீன் பஜாரின் கடைச் சுவர்களில் இந்த எண் தமிழிலும் வங்காளத்திலும் எழுதப்பட்டால் அதற்கு ஆகும் செலவு சில டப்பா பெயின்ட்தான்.

6 டன் சரக்கைப் பிடிக்க விமானம் இருந்தது, கப்பல் இருந்தது. மாலையில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகாமல் வேறு பக்கம் திரும்பும் ஒருவரைப் பிடித்து நிறுத்த இவை எதுவும் உதவாது. அவருக்காக வீட்டில் ஒருவர் விழித்திருக்கிறார். இப்போதைக்குக் கரையில் இருக்கும் காவல் அது ஒன்றுதான்.