மணலை மாற்றலாம், தொட்டியை ஒட்டக் கூடாது

நீச்சல் குளத்து ஃபில்டருக்குப் பத்து வயதானால் போதும், அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "மொத்தமா தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம்" என்பார்கள் சிலர். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் வயதைத்தான் பார்க்கிறார்கள். எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

பரவலாக இருப்பது சாண்ட் ஃபில்டர். கண்ணாடியிழைத் தொட்டி, உள்ளே அரை மில்லிமீட்டர் பருமனுள்ள மணல், அடியில் நுண்ணிய கீறல்கள் கொண்ட லேட்டரல் குழாய்கள், நீரின் பாதையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வு. அவ்வளவுதான்.

இந்த மணல் செய்யும் வேலை வியப்பானது. மணிகளுக்கு இடையிலான துளை சுமார் 80 மைக்ரான். கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் கிருமியின் அளவோ ஐந்து மைக்ரான். சல்லடைக் கணக்கில் அது தாராளமாகத் தப்பிப் போக வேண்டும். ஆனால் வளைந்து நெளிந்து ஓடும் நீரில் துகள்கள் மணலில் மோதி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. என்றாலும் மணலுக்கும் அழுக்குக்கும் எதிர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். பாலி அலுமினியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் அந்த விலக்கம் தணிந்து துகள்கள் திரளும். கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் பானைக்குள் தேற்றாங்கொட்டையை இழைத்தபோது நம் வீடுகளில் நடந்ததும் இந்தத் திரட்டல்தான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் இந்தக் கிருமியை ஒழிக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். குழந்தைகள் இறங்கும் குளத்தில் ஃபில்டரை நான் அலங்காரச் செலவாக நினைக்காததற்கு இதுவே காரணம்.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீரின் சுண்ணாம்பும் உடம்பில் பூசிய எண்ணெயும் சேர்ந்து, நாளடைவில் மணலைக் கட்டிகளாக்கும். கட்டிகளுக்கு இடையே ஓட்டை விழுந்தால் நீர் வடிகட்டப்படாமல் அதன் வழியே பாய்ந்துவிடும். அப்போது குளம் கலங்கியிருந்தும் பிரஷர் கேஜ் முள் ஏறாது. இதற்கு மணலை மாற்றினால் போதும்; 60 செ.மீ. விட்டத் தொட்டிக்குச் சுமார் 150 கிலோ பிடிக்கும். பாதித் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு மணலைக் கொட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விழும் வேகத்தில் லேட்டரல் உடைந்துவிடும்.

லேட்டரல் உடைந்தால் குளத்தில் நீர் திரும்பும் வாய்க்குக் கீழே மெல்லிய படிவு தெரியும். விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறத்தால் மணல், புகைபோல் கலைந்தால் செத்த பாசி. வால்வு ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே கழிவுக் குழாயில் நீர் சொட்டினால், வால்வுக்குள் இருக்கும் சிலந்தி வடிவ கேஸ்கெட் தேய்ந்திருக்கும். இரண்டுமே பழுதுபார்க்கக் கூடியவை. தண்ணீர் பச்சையானாலும் உடனே ஃபில்டரைக் குறை சொல்ல வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் குளங்கள் பச்சையானபோது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதால் குளோரின் செயலிழந்ததாக ஏற்பாட்டாளர்கள் விளக்கினார்கள்.

தொட்டியிலேயே விரிசல் விட்டு நீர் கசிந்தால் கதை வேறு. ஒரு பார் அழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விசை. 60 செ.மீ. தொட்டியின் மேல்மூடியை அது கிட்டத்தட்ட 2,800 கிலோ விசையுடன் மேலே தள்ளுகிறது. மோட்டார் நின்று ஓடும் ஒவ்வொரு முறையும் அந்த விசை வந்து வந்து போகும். கண்ணாடியிழைகள் சோர்ந்து விரிசல் நீளும். உள்ளே சிக்கிய காற்று, அமுக்கிய வில்போல ஆற்றலைச் சேர்த்து வைத்திருப்பதால், உடைந்தால் மூடி பறக்கும். வெளியிலிருந்து ரெசின் பூசி ஒட்டுவது ஆளைக் கொல்லக்கூடிய சிக்கனம். இங்கே மட்டும் தயங்காமல் புதிது வாங்குங்கள்.

வாங்கும்போது ஒரு அளவு பெரிதாக வாங்கலாம். மோட்டார் மணிக்கு 14 கனமீட்டர் நீர் தள்ளினால், 60 செ.மீ. தொட்டியில் அது மணலுக்குள் மணிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாயும், 75 செ.மீ. தொட்டியில் வேகம் 32 ஆகக் குறையும், வடிகட்டல் மேம்படும். ஆசைப்பட்டு 90 செ.மீ. தொட்டிக்குத் தாவினால் 22தான் கிடைக்கும். நீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பிவிட்டு மணலைக் கழுவும் பேக்வாஷின்போது, படுகை மிதந்தெழுந்து அழுக்கை விட, சுமார் 30 மீட்டர் வேகமாவது தேவை. பழைய மோட்டாரையே வைத்துக்கொள்வதாக இருந்தால் 75-லேயே நின்றுவிடுவது நல்லது.