மோப்ப நாயும் ஒரு மீட்பு வீரரே!

நாய் என்றதும் நம்மில் பலருக்கு செகண்ட் ஷோ விட்டு வரும்போது துரத்துகிற தெருநாய்தான் ஞாபகம் வரும். எனக்கு வருவது வேறு நாய்.

2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி சாயங்காலம், சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. எங்க அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். அப்போது போரூர் பக்கம் ஏதோ சைட்டில் இருந்தார். எந்த சைட் என்று திருவானைக்காவலில் இருந்த எங்களுக்குத் தெரியாது. போனும் போகவில்லை. அன்று ராத்திரி அம்மா உலை வைக்கவில்லை. ஏழு வயதுப் பையனான நான் பக்கத்து வீட்டு டி.வி.யில் கான்கிரீட் குவியலின் மேல் ஒரு நாய் மோந்துகொண்டே போவதைப் பார்த்தேன். "எங்கப்பாவையா தேடுது?" என்று கேட்டேனாம். மறுநாள் மத்தியானம் யாருடைய போனிலிருந்தோ அப்பா பேசினார். அவர் இருந்தது வேறு சைட். ஆனால் 61 குடும்பங்களுக்கு அப்படி ஒரு போன் வரவில்லை. 27 பேரை உயிரோடு மீட்டார்கள்.

அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரோடு அங்கே வேலை செய்தவை மோப்ப நாய்கள். நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கோ 10 கோடிக்கும் மேல். அது மூச்சு விடும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியேறுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை.

நம் உடம்பிலிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. வியர்வை, மூச்சு எல்லாம் சேர்ந்து காற்றில் பரவும். நெய்தோசைக் கடை எந்தத் தெருவில் என்று தெரியாவிட்டாலும் காற்றடிக்கும் திசையை வைத்து நாம் போய்விடுகிறோம் இல்லையா? அதே கணக்குத்தான். குறிப்பிட்ட ஒருவரைத் தேட அவர் உடுத்திய துணியை மோந்துவிட்டுத் தடம் பிடிக்கும் நாய் ஒரு வகை. இடிபாட்டில் யார் என்று பாராமல் மனித வாசனை எங்கே வந்தாலும் குரைக்கும் நாய் இன்னொரு வகை. இறந்தவர்களை மட்டும் தேடப் பழக்கிய நாய்களும் உண்டு. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவில் கேரள போலீசின் மாயா, மர்பி இரண்டும் அந்த வேலையைத்தான் செய்தன.

பயிற்சி முழுக்க விளையாட்டுதான். ஒருவர் பந்தோடு ஓடி ஒளிந்துகொள்வார். நாய் கண்டுபிடித்துக் குரைத்தால் பந்து கிடைக்கும். பிறகு பைப்புக்குள், அப்புறம் கல்குவியலுக்கு அடியில் என்று கஷ்டத்தைக் கூட்டுவார்கள். இதைச் சொன்னபோது அப்பா, "அவ்வளவு வேலைக்கும் ஒரு பந்துதானாடா கூலி?" என்றார்.

2023 பிப்ரவரியில் துருக்கி பூகம்பத்துக்கு நம் நாட்டிலிருந்து ஜூலி, ரோமியோ என்ற லேப்ரடார் நாய்கள் போயின. நுர்தாகி என்ற ஊரில் ஓர் இடிபாட்டின் மேல் ஜூலி குரைத்தது. சரிபார்க்க ரோமியோவைக் கொண்டுவந்தார்கள். அதுவும் குரைத்தது. அடியிலிருந்து ஆறு வயதுச் சிறுமி உயிரோடு வந்தாள்.

சிவில் படிக்கிற நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நாய் குரைக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது. வாசனை விரிசல் வழியாகச் சுற்றி, பல அடி தள்ளிக்கூட வெளியே வரும். ஸ்லாப் எப்படிச் சாய்ந்திருக்கிறது, இடைவெளி எங்கே என்று பார்த்துச் சொல்வது இஞ்சினியர் வேலை. மவுலிவாக்கத்தில் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிய தோசை மாதிரி விழுந்தன. இடைவெளி ரொம்பக் குறைவு.

அதேபோல, உள்ளே மொத்தம் எத்தனை பேர் என்பதை எந்த நாயாலும் சொல்ல முடியாது. அதற்கு மேஸ்திரியின் வருகை நோட்டு வேண்டும். அப்பா இப்போது வேலை பார்க்கும் சைட்டில் நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். தரைத்தளத்து சிமெண்ட் ரூமில், கட்டிடத்துக்கு உள்ளேயே ஆணியில் தொங்குகிறதாம்.